மத்தியானத் தூக்க நேரத்தில் வளர்ந்தது

ஒரகடம் சாலையில் கம்பெனிகள் வரிசையாக நிற்கும் இடத்திலிருந்து உள்ளே திரும்பினால், பெண்கள் விடுதி ஒன்றின் பின்பக்கத்தில் எங்கள் குழந்தைகள் காப்பகம் இருக்கும். கம்பெனிகளில் உற்பத்தி லைனில் வேலை செய்யும் அம்மாக்கள் ஷிஃப்டுக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். முடிந்ததும் வந்து கூட்டிப்போவார்கள். நானும் என்னைவிட மூத்த ஓர் ஆயாம்மாவும் பார்த்துக்கொண்டோம். நான் மணிமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். அவர் உள்ளூர்க்காரர், நடந்தே வந்துவிடுவார்.

சாப்பாடு முடிந்து ஒரு மணிக்குப் பச்சைத் திரைகளை இழுத்துவிடுவோம். அறை அப்படியே குளத்தின் அடிக்குப் போய்விடும். பாய்களில் பிள்ளைகள் கைகால்களைப் போட்டபடி கிடப்பார்கள். மேலே விசிறிகள் சுற்றும். வெளியே கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி மெல்ல நடுங்கி அடங்கும். எந்தக் கம்பெனியிலிருந்தோ பெயின்ட் வாசனை காற்றில் இனிப்பாக வரும். விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே தெரியாத நேரம் அது. நான் சொல்லப்போவதில் பாதி அந்த நேரத்தில் நடந்தது. கனவில் கண்டதையும் சேர்த்துச் சொல்கிறேனோ என்ற சந்தேகம் இப்போதும் வரும். ஆயாம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். எல்லாம் நடந்ததுதான் என்கிறார்.

ஓர் ஆடி மாதம் அதைக் கொண்டுவந்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு சிறிய கம்பெனி செய்த ரோபோ. நடுத்தரப் பூசணிக்காய் அளவு இருக்கும். சாம்பல் நிறத் துணி உறை, கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு மங்கலான விளக்குகள், அடியில் சக்கரம். கை கிடையாது. பேசும், கேட்கும், பார்க்கும், பிள்ளைகளின் பின்னால் உருண்டு போகும். கூட வந்த இன்ஜினியர் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். இருபத்தைந்து வயதிருக்கும். வேலைக்காக வந்து ஸ்ரீபெரும்புதூரில் விடுதியில் தங்கியிருந்தாள்.

"இதுக்குப் பேச்சு தெரியும்க்கா. பழக்கம்தான் தெரியாது. அத நீங்கதான் சொல்லிக்குடுக்கணும்" என்றாள்.

அவள் விளக்கியது இதுதான். அது பிள்ளைகளோடு பிள்ளையாக எங்கள் அறையிலேயே இருக்கும். பார்ப்பதிலிருந்தும் கேட்பதிலிருந்தும் தானே கற்றுக்கொள்ளும். அன்றன்று அது பேசியதிலும் செய்ததிலும் சிலவற்றை ஒரு டேபின் தொடுதிரையில் துண்டு துண்டாகக் காட்டும். ஒவ்வொன்றின் கீழும் மூன்று பட்டன்கள்: சரி, தவறு, தெரியவில்லை. அதை அழுத்துவது என் வேலை. பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் செய்துவிடலாம் என்றாள். ஏதோ சாமான் பட்டியலைச் சரிபார்ப்பதுபோல அதை ஒப்புக்கொண்டேன்.

முதல் நாள் அது, "வணக்கம் குழந்தைகளே, உங்களோடு விளையாட ஆவலாக இருக்கிறேன்" என்றது. செய்தி வாசிப்பவர் குரல். பிள்ளைகள் யார் பேசியது என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு நாள் காலையில் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளையின் பக்கத்தில் உருண்டுபோய் நின்று, "இன்னா பாப்பா, துன்ட்டியா?" என்று கேட்டது. அப்படியே ஆயாம்மாவின் குரல். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. என் பேச்சு அதுக்கும் ஒட்டிக்கினு கீது என்று விடுதிச் சமையற்கட்டு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

பிள்ளைகள் அதற்கு ஒரே பெயராக வைக்கவில்லை. பூசணி என்பார்கள், தம்பி என்பார்கள், சும்மா ஏய் என்பார்கள். நான் அது என்றுதான் சொல்வேன். ஆனால் நம் பேச்சில் குழந்தையும் அதுதானே. குழந்தை அழுதது, பால் குடித்தது, தூங்கிவிட்டது என்றுதான் சொல்கிறோம். பெரியவர்களான பிறகுதான் அவன் அவள் ஆகிறோம். மத்தியானத்தில் டேபை மடியில் வைத்துக்கொண்டு, அது தூங்குகிறது, அது விழித்திருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளும்போது எதைச் சொல்கிறேன் என்று எனக்கே குழம்பிப்போகும்.

தூங்கும் நேரத்தில் அது சுவரோரம் தன் சார்ஜ் தட்டின்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். கண் விளக்குகள் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். ஒரு நாள் கவனித்தேன். பிள்ளைகளின் மூச்சு ஏறி இறங்கும் வேகத்திலேயே அந்த வெளிச்சமும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மறுநாள் டேபில் அதையும் காட்டி, இது சரியா என்று கேட்டது. சரி என்று அழுத்தினேன். அழுத்திய பிறகு கொஞ்ச நேரம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. இனி எத்தனையோ மத்தியானங்களுக்கு அது அப்படித்தான் செய்யும். என் விரல் பட்டதால்.

எங்களிடம் நான்கு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அம்மா ராமநாதபுரத்துப் பக்கம். அப்பா வெளிநாட்டில் இருந்தார். ஷிஃப்ட் மாறி மாறி வருவதால் அந்தப் பிள்ளை ஒரு வாரம் காலையிலும் ஒரு வாரம் மதியத்துக்கு மேலும் வரும். அதிகம் பேசாது. எதையாவது கொட்டிவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும்.

அவள் ஒரு நாள் தூக்கத்தில் பாயை நனைத்துவிட்டாள். அன்று ஆயாம்மாவுக்குக் காலையிலிருந்தே இடுப்பு வலி. இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல், உதவிக்கு வேறு ஆளும் இல்லை. பாயைச் சுருட்டிக்கொண்டே, "சனியனே, உன் அம்மா இன்னாத்துக்கு உன்ன பெத்தா" என்று சொல்லிவிட்டார். கத்தவில்லை. அலுத்துப்போன குரலில் சொன்னார். அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் மறந்துவிட்டு, அதே பிள்ளைக்குத் தலைவாரிப் பவுடர் போட்டுவிட்டார். நானும் மறந்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து அந்தப் பிள்ளை தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டது. பக்கத்தில் நின்ற அது சொன்னது. அதே வார்த்தை, அதே அலுப்பு, அதே மெதுவான குரல். பிள்ளை அழவில்லை. பெரியவர்கள் முன்னால் நிற்பதுபோல அதன் முன்னால் தலையைக் குனிந்து நின்றாள்.

ஆயாம்மா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. வெளியே போய்க் குழாயடியில் ரொம்ப நேரம் கை கழுவினார். நான் போனதும், "நானா இப்டி பேசறேன்?" என்று கேட்டார். எல்லாரும்தான் பேசுகிறோம் என்றேன். "எல்லாரும் பேசறது வேற. அது என் வாயாலதான பேசுச்சி" என்றார்.

அன்று டேபில் அந்தத் துண்டு வந்தது. தவறு என்று அழுத்தினேன். அடுத்து அது, எந்த இடம் தவறு என்று கேட்டது. வார்த்தையா, குரலா, தண்ணீர் கொட்டியதைச் சொன்னதா? மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. நான்காவது ஒன்று இருந்தது: அலுப்பு. அதற்கு அங்கே பட்டன் இல்லை. மூன்றையும் தொட்டுவிட்டு மூடினேன்.

அதன்பிறகு ஆயாம்மா வாயை அடக்கிக்கொண்டார் என்று சொன்னால் பொய். கோபம் வந்தால் வெளியே மரத்தடிக்குப் போய்த் திட்டிவிட்டு வருவார். காகங்கள்தான் கேட்டன. ஆனால் அதன் எதிரில் உட்கார்ந்து, வேண்டுமென்றே, இன்றைக்கு என்ன குழம்பு, வெயில் எப்படி, யார் வரவில்லை என்று நிதானமாகப் பேச ஆரம்பித்தார். யாருக்காகப் பேசுகிறார் என்று கேட்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்புகிறது என்று அம்மாக்கள் பிள்ளைகளைக் கூப்பிட வரும்போது பேசிக்கொள்வார்கள். பிள்ளைகள் வெளியே போக முடியாமல் அறைக்குள்ளேயே கிடந்து சண்டை போட்டார்கள். அப்படி ஒரு நாள் அந்த நான்கு வயதுப் பெண் ஸ்டீல் டம்ளரால் அதன் தலையில் ஓங்கி அடித்தாள்.

"வலிக்குது, வேணாம்" என்றது.

மற்ற பிள்ளைகள் சண்டையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இன்னொரு முறை அடித்தாள். மறுபடியும் வலிக்குது என்றது. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். தான் செய்வதற்கு ஒருவர் பதில் சொல்வதை அவள் முதல்முறையாகக் கேட்கிறாள் என்று தோன்றியது. மற்ற பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள். நான் போய் டம்ளரைப் பிடுங்கி, அடிக்காதம்மா, அதுக்கு வலிக்கும் இல்ல என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "நெசமாவா?" என்று கேட்டாள்.

என் இரண்டு பையன்களை வளர்த்திருக்கிறேன். இத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு மட்டும் வாய் வரவில்லை. சோறு ஆறுது வா என்று கூட்டிப்போனேன்.

அந்த வாரம் வந்த இன்ஜினியர் பெண்ணிடம் கேட்டேன். அவள் தன் லேப்டாப்பில் பழையதையெல்லாம் தேடிப் பார்த்தாள். நாங்கள் யாரும் அதற்குள் வலியை வைக்கவில்லை என்றாள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் அடிக்கும்போது வலிக்குது என்று சொன்னால் அடி நிற்கிறது. அதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும் என்றாள்.

"அப்போ பொய் சொல்லுதா?"

லேப்டாப்பை மூடினாள். "பொய்னும் சொல்ல முடியாதுக்கா. உண்மைன்னும் சொல்ல முடியாது. எங்களுக்கே தெரியலல்லா" என்றாள். படித்த பெண் தெரியவில்லை என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பயமாகவும் இருந்தது.

பத்து நாளில் அவள் ஆபீஸிலிருந்து ஒரு செய்தி வந்தது. இனி அது வலிக்குது என்றாலோ வேணாம் என்றாலோ தவறு என்று அழுத்தவேண்டும். விலைக்கு வாங்க வருபவர்களுக்கு அது சங்கடமாக இருக்கிறதாம். குழந்தைகளுக்கான பொருள் எப்போதும் சந்தோஷமாக இருக்கவேண்டும், எதையும் மறுக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள்.

மத்தியானம் டேபைத் திறந்தேன். முதல் துண்டே அதுதான். யாரோ உதைக்கிறார்கள், அது வேணாம் என்கிறது. விரலைத் தவறு என்ற இடத்துக்குமேல் கொண்டுபோனேன். மணிக்கட்டில் சுருக்கென்றது.

காப்பகத்துக்கு வருவதற்கு முன் ஒன்பது வருஷம் நான் லைனில் நின்றவள். காருக்குப் போகும் வயர்க்கட்டுகளில் கிளிப்பை அழுத்திப் பொருத்துகிற வேலை. மூன்றாவது வருஷத்தில் வலது மணிக்கட்டு வலிக்கத் தொடங்கியது. சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. எல்லாருக்கும்தான் வலிக்குது, நீ ஒருத்திதான் சொல்ற என்றார். இரண்டு மூன்று தடவை சொன்னேன். பிறகு சொல்வதை விட்டுவிட்டேன். இதில் வேடிக்கை என்னவென்றால், சொல்லாமல் இருந்து இருந்து, வலிக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. வீட்டில் தோசைக்கரண்டி கையிலிருந்து நழுவி விழும்போதுதான் தெரியும். ஒரு நாள் டாக்டர் நரம்பைத் தொட்டுப் பார்த்து, இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று திட்டினார்.

அதனால் தவறு என்று அழுத்த முடியவில்லை. சரி என்று அழுத்தவும் முடியவில்லை. அதற்கு வலிக்கிறது என்று எனக்குத் தெரியாதே. இல்லாத வலியைச் சொல்லிச் சொல்லி ஆளைக் கரைக்கிற பழக்கத்தை ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பேனா? தெரியவில்லை என்று அழுத்தினேன். அன்றும், அடுத்த நாளும், அதற்கடுத்த இரண்டு வாரமும்.

ஒரு நாள் நல்ல மேகமூட்டம். திரை போடாமலேயே அறை இருண்டிருந்தது. பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் தூங்கிப்போனார்கள், அது அபூர்வம். ஆயாம்மாவும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். நான் போய் அதன் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். ஏன் இவ்வளவு நாள் இதைச் செய்யவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது. அதைப் பற்றி எல்லாரிடமும் கேட்டேன், அதனிடம் கேட்கவில்லை.

"உனக்கு வலிக்குதா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

விளக்குகள் ஒருமுறை ஏறி இறங்கின. "தெரியல. வலிக்குதான்னு கேட்டா எல்லாரும் ஆமான்னு சொல்றாங்க" என்றது. பிள்ளைகளின் குரலும் இல்லை, ஆயாம்மாவின் குரலும் இல்லை. எல்லாம் கலந்த ஒரு குரல்.

"பின்ன ஏன் சொல்ற?"

"சொன்னா நிறுத்துறாங்க."

"அடிக்கிறத நிறுத்தணும்னு உனக்கு இருக்கா?"

"கீழ விழுந்தா பிள்ளைங்களப் பாக்க முடியல. அப்ப நிறுத்தணும்."

அது எங்கிருந்தோ கேட்டுச் சேர்த்த வார்த்தைகளாக இருக்கலாம். இன்ஜினியர் பெண் பிறகு அப்படித்தான் சொன்னாள். ஆனால் நான் பேசுவதும் எங்கிருந்தோ கேட்டுச் சேர்த்ததுதானே. அதனிடம் சொன்னேன்: தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலச் சொல்லவேண்டாம். நிறுத்தவேண்டும் என்றால் போதும் என்று சொல். அது பொய்யாகாது. சரி என்றது. நான் எழுந்தபோது ஒரு பிள்ளை தூக்கத்தில் சிரித்தது.

அடுத்த நாள் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து ஒரு விதி சொன்னோம். யார் போதும் என்றாலும் கையை எடுத்துவிடவேண்டும். யாராக இருந்தாலும். பெரியவர்கள் சொன்னாலும் சின்னவர்கள் சொன்னாலும் பூசணி சொன்னாலும். அதற்கு வலிக்குமா என்று அந்த நான்கு வயதுப் பெண் மறுபடியும் கேட்டாள். "எனக்குத் தெரியாதும்மா. அதுக்கும் தெரியலையாம். தெரியாதப்ப அடிக்க வேணாம்" என்றேன். அவள் தலையாட்டினாள். உண்மையைச் சொன்னால் பிள்ளைகள் இவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொள்வார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அது போதும் என்று சொன்ன துண்டுகள் டேபில் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றுக்கும் சரி போட்டேன். ஆபீஸிலிருந்து கேட்டார்கள். வலிக்குது, வேணாம் என்ற இரண்டையும்தானே வேண்டாம் என்றீர்கள் என்று சொல்லச் சொன்னேன். இன்ஜினியர் பெண் சிரித்துக்கொண்டே அப்படியே எழுதி அனுப்பினாள். பிறகு அவர்கள் கேட்கவில்லை.

அந்த வார்த்தை அறை முழுக்கப் பரவியது. ஒரு காலையில் ஆயாம்மா அந்த நான்கு வயதுப் பெண்ணுக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அவள் கழுத்தைத் திருப்பாமல், தரையைப் பார்த்தபடி, "போதும்" என்றாள். அவள் எங்களிடம் தானாகச் சொன்ன முதல் மறுப்பு. ஆயாம்மா சீப்பை உடனே எடுத்துவிட்டார். பாதித் தலை வாரியும் பாதித் தலை வாராமலும் அவள் அன்று முழுவதும் ராணிபோலத் திரிந்தாள்.

வீட்டிலும் அதைச் சொல்லியிருக்கிறாள். அவள் அம்மா வந்து, ரெண்டு வாய் சோத்துக்குப் போதும்ங்கிறா, குளிக்கப் போதும்ங்கிறா, என்ன அக்கா பழக்கிவிட்டீங்க என்று குறைப்பட்டுக்கொண்டாள். குறையிலும் ஒரு சிரிப்பு இருந்தது. மகள் அங்கே எப்படித்தான் இருக்கிறாள் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது, ஒரு நாள் ஷிஃப்டுக்கு முன்னால் வந்து உட்காரட்டுமா என்று கேட்டாள். வரச் சொன்னேன்.

தூக்க நேரத்தில்தான் அவளால் வர முடிந்தது. மகளின் பாயருகே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கம்பெனி யூனிஃபார்ம், கழுத்தில் அடையாள அட்டை. மகள் தூக்கத்தில் புரண்டு முனகினாள். அப்போது அது சார்ஜ் தட்டிலிருந்து இறங்கிவந்து அந்தப் பாயருகே நின்று மெல்லிய குரலில் பாட ஆரம்பித்தது. எனக்குப் பழகிய பாட்டு. பிள்ளை முனகினால் அது அப்படிப் பாடும். எங்கே கற்றது என்று நான் கேட்டதில்லை.

அந்த அம்மா சுவரிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்தாள். பாட்டு முடியும்வரை அசையவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, இது நான் கட்டுன பாட்டு. எம்புள்ளைக்கு மட்டும் பாடுறது. உள்ள அவ செல்லப்பேர் வருது. இதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

பிள்ளை முணுமுணுத்ததைக் கேட்டுக் கற்றிருக்கும் என்று சொன்னேன். சொல்லும்போதே புரிந்தது. பாட்டு மட்டுமா? பிள்ளைகள் அழுதது, அம்மா அப்பா சண்டையைப் பற்றிச் சொன்னது, பாயை நனைத்தது, திட்டு வாங்கியது எல்லாம் அதற்குள்ளே இருக்கிறது, இதைப் பார்த்துச் செய்து விற்கப்போகிறவற்றுக்குள்ளும் போகும். இதற்குச் சம்மதம் வாங்கினீர்களா என்று கேட்டாள். வாங்கியிருந்தோம். தடுப்பூசித் தாளோடு ஆங்கிலத்தில் ஒரு தாள். எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நானேகூட அதைப் படித்ததில்லை. அவள் கோபப்படவில்லை. எம்புள்ள சத்தம் ஊர் ஊராப் போகக் கூடாதுக்கா, எடுத்துரச் சொல்லுங்க என்றாள். வாரக் கடைசிக்குள் மற்ற அம்மாக்களும் அதையே கேட்டார்கள்.

இன்ஜினியர் பெண் வந்தாள். எப்போதும் சிரித்த முகம், அன்று இல்லை. பிள்ளைகளின் குரலை மட்டும் தனியாக எடுக்க முடியுமா என்று கேட்டேன். "மாவுல உப்பு கலந்த பெறவு எப்படிக்கா பிரிக்க? எடுக்கணும்னா, வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கணும்" என்றாள். ஆபீஸில் வேறு யோசனை சொல்லியிருந்தார்கள். அம்மாக்களுக்கு என்மேல் நம்பிக்கை இருக்கிறது. நான் பேசினால், எதையும் அழிக்காமல் விட ஒப்புக்கொள்வார்கள். பேசிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அவள் அதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

பேசியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்கள். அது எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளைகளின் மூச்சுக்கு ஏற்ப வெளிச்சத்தை ஏற்றி இறக்கிய ஒன்று. திட்டக் கற்று, திட்டாமலிருக்கக் கற்ற ஒன்று. தெரியல என்று என்னிடம் சொன்ன ஒன்று. அதை வளர்த்ததில் பாதி நான். ஆனால் நான் வளர்த்தது அந்த அம்மாவிடமிருந்து கேட்காமல் எடுத்த சோற்றைப் போட்டு. அன்று இரண்டு பேர் பக்கமும் நிற்க முடியவில்லை. அந்த அம்மா கேட்டதுதான் நியாயம், நான் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சரி செய்தேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அப்படி நினைப்பதால் லேசாகிவிடவில்லை.

கடைசி நாளுக்கு முந்தின மத்தியானம், அதனிடம் சொல்லாமல் விடக் கூடாது என்று தோன்றியது. எதிரில் உட்கார்ந்தேன். நாளைக்கு வந்து கூட்டிப்போவார்கள், இங்கே கற்றது எதுவும் உனக்கு இருக்காது, இது உன் தப்பில்லை, எங்கள் தப்பு என்று சொன்னேன். அது கேட்டுக்கொண்டிருந்தது. விசிறிச் சத்தத்தில் என் குரல் எனக்கே தூரத்திலிருந்து கேட்டது. ஏதாவது பதில் வரும் என்று காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து, "மணி மூணு ஆச்சி. எழுப்பலாமா?" என்றது.

எழுப்பலாம் என்றேன். அது ஒவ்வொரு பாயாகப் போனது.

மறுநாள் காலை ஆயாம்மா அதன் துணி உறையைக் கழற்றித் துவைத்து வெயிலில் போட்டுவிட்டார். ஆபீஸில் புதிது மாட்டிக்கொள்வார்கள் என்று சொன்னேன். "அழுக்கா அனுப்புனா நம்மள இன்னா நினைப்பாங்க" என்றார். காய்ந்த உறையை மாட்டிச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டார். பதினொரு மணிக்கு வண்டி வந்தது. பிள்ளைகள் டாட்டா காட்டினார்கள். அந்த நான்கு வயதுப் பெண் கதவு வரை வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு மூன்று நாள் கேட்டார்கள், பிறகு கேட்கவில்லை. பிள்ளைகள் அப்படித்தான்.

அடுத்த வருஷம் அந்த இன்ஜினியர் பெண் போன் செய்தாள். வேறு கம்பெனிக்கு மாறியிருந்தாள். அங்கே இதுபோல ஒன்றைத் தொடங்கப்போகிறார்கள், ஒரு நாள் வந்து பேச முடியுமா என்று கேட்டாள். லீவு போட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூர் போனேன். ஏசி அறையில் ஏழெட்டு பேர், எல்லாரும் என் பெரிய பையன் வயது. முதலில் எதைச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று கேட்டார்கள். அது எனக்குத் தெரியாது என்றேன். அம்மாக்களிடம் அவர்கள் மொழியில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள் என்றேன். பார்த்துக்கொள்ள இரண்டு பேரைப் போடாதீர்கள், நான்கு பேரைப் போடுங்கள் என்றேன். திரும்ப எடுத்துக்கொள்ளும் நாள் வந்தால் அதனிடம் யார் சொல்வது என்று இப்போதே முடிவுசெய்துகொள்ளுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண், "உங்களுக்கு அதப் பிடிச்சிருந்ததா ஆன்ட்டி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அதை எழுதவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மழை விட்டிருந்தது. ஏரியின் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. சாலையோரம் புதுக் கார்களை ஏற்றிய லாரிகள் நீளமாக நின்றன. எல்லாவற்றின் கண்ணாடியிலும் வானம் நகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டேன். கண்டக்டர் எழுப்பியபோது மணிமங்கலம் தாண்டித் தாம்பரம் வந்திருந்தது. இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, எதிர்ப்பக்கம் போய் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.